கொழுந்துச் சுமையும் பின்கழுத்தின் இழையமும்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் நிறுவை நேரத்தில் கொழுந்து சுமந்து வரும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் கூடையோ பையோ தொங்கும். அதன் கயிறு தலையில் பதிந்திருக்கும். அந்த இழுவை முழுவதையும் சமாளிப்பது கழுத்துதான். என் அம்மாவும் அப்படித்தான் சுமந்தார். பின்கழுத்தில் தொடங்கித் தலைக்கு ஏறும் வலிக்கு அவருக்குக் கிடைத்தது தைலம் மட்டுமே. அந்த இடத்தில் உள்ளே என்னதான் இருக்கிறது என்று தேடியபோது அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

தசையை எலும்போடு பிணைப்பது தொடுப்பிழையம். அதன் பலம் கொலாஜன் எனும் புரத நாரில் இருக்கிறது. மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள ஒரு சிறு தசையிலிருந்து, முண்ணாணை மூடும் தடித்த உறைக்குத் தொடுப்பிழையப் பாலம் ஒன்று செல்வதை 1995இல் அமெரிக்காவில் கேரி ஹேக் குழுவினர் விவரித்தனர். கழுத்திலிருந்து எழும் சிலவகைத் தலைவலிகளில் இதற்குப் பங்கு உண்டா என்பது இன்றும் ஆராயப்படுகிறது.

இந்த இழையம் உருவாகும் விதத்தை மனிதக் கருவில் பின்தொடர முடியாது. அதனால் சுண்டெலி உதவுகிறது. மனிதருக்குப் போலவே அதற்கும் கழுத்து முள்ளென்புகள் 7. கர்ப்பகாலம் ஏறத்தாழ 20 நாட்கள். முளையத்தின் ஒரு கலக்கூட்டத்துக்கு அடையாளமிட்டு, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்கலாம்.

சுண்டெலிகளில் 2005இலும் 2018இலும் வெளியான ஆய்வுகளின்படி, கழுத்துத் தசைகளைச் சார்ந்த தொடுப்பிழையம் ஒரே மூலத்திலிருந்து வருவதில்லை. ஒரு பகுதி, முகத்தின் எலும்புகளையும் உருவாக்கும் நரம்புமுகட்டுக் கலங்களிலிருந்து வருகிறது. மறுபகுதி, உடலின் எலும்பையும் தசையையும் தரும் இடைப்படையிலிருந்து வருகிறது. தலையும் உடலும் சந்திக்கும் எல்லை கழுத்து.

பிறந்த பின்னும் வேலை முடிவதில்லை. புதிதாய்ப் பிறந்த சுண்டெலியின் தோள் தசையை மருந்தால் செயலிழக்கச் செய்தபோது, தசைநாண் எலும்பில் பொருந்தும் இடம் சரியாக வளரவில்லை. அளவான இழுவை இழையத்தை வளர்க்கிறது. ஓய்வில்லாத பாரம் அதைச் சிதைக்கிறது. ஆனால் எலி நாலுகாலில் நடப்பது. தலையில் கயிறு மாட்டிச் சுமப்பதில்லை. ஆகவே எலியில் கண்டதை அப்படியே நம் பெண்களுக்குப் பொருத்தக் கூடாது.

1977, 1983 வன்செயல்களால் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கும் யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். செல் துண்டு பட்ட கழுத்தின் தழும்பும் கொலாஜனால் ஆனதே. ஆனால் அதன் நார்கள் பழைய ஒழுங்கில் அமைவதில்லை. காயம் ஆறிய பின்னும் கழுத்து இறுகுவதற்கு அது ஒரு காரணம்.

கழுத்து வலியோடு கை விறைப்பு, பிடி தளர்தல், நடை தடுமாறுதல், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தைலத்தோடு நிற்க வேண்டாம்; உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும் அப்படியே.

பாரம் சேரும் முன்பே நிறுப்பதும், நிறுவை இடம் மலைக்குக் கிட்ட இருப்பதும், பாரத்தைத் தோள்களுக்கும் பகிரும் பட்டியும் பெரிய செலவில்லாத மாற்றங்கள். சம்பளப் பேச்சு நடக்கும் மேசையில் இவற்றையும் கேட்க வேண்டும்.