ஒரு வாட் வலுவில் ஊரும் பேரும்

தமிழர் ஒருவர் பிற மாநிலத்து நகரில் இன்னொரு தமிழரைக் காண நேர்ந்தால், முதலில் வினவுவன இரண்டு: பேர் என்ன, ஊர் எது? தில்லியின் கரோல் பாக்கிலும் இதுதான் வழக்கம். மும்பையின் மாட்டுங்காவிலும் இதுதான் வழக்கம். இவ்விரண்டையும் அறிந்த பின்னரே ஏனைய பேச்சு தொடங்கும். வானொலி வழியே தொலைவிலுள்ளோரைத் தேடும் அமெச்சூர்களின் வழக்கமும் இதுவே. அவர்களும் முதலில் பேரையும் ஊரையும் அறிவிக்கின்றனர். குறைந்த வலுவும் எளிய கருவியும் உடைய ஒருவர் தம் பேரையும் ஊரையும் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சேர்ப்பது எவ்வாறு? இவ்வினாவிற்கு நூறாண்டுக் காலத்தில் கிடைத்த விடைகளை நாம் இங்கே ஒப்பிட்டுக் காண்போம்.

கம்பியில்லாத் தந்தியின் தொடக்க காலத்தில் நெட்டலைகளுக்கே மதிப்பு இருந்தது. 1901ஆம் ஆண்டு மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து குறியனுப்பிய பின்னர், அலை நீள நீளத் தொலைவும் கூடும் என்று பலரும் நம்பினர். ஆகவே அரசாங்கங்களும் கடற்படைகளும் வணிகக் குழுமங்களும் நெட்டலைகளைத் தமக்கென வைத்துக்கொண்டன. அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டுச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் கீழ்ப்பட்ட அலைகளுக்கு ஒதுக்கிற்று. அவை பயனற்றவை என்பது அக்காலக் கருத்து. ஆனால் அந்தப் பயனற்ற அலைகளிலேயே அமெச்சூர்களின் குறிகள் 1921 டிசம்பரில் அட்லாண்டிக்கைக் கடந்தன. 1923 நவம்பரில் பிரான்சும் அமெரிக்காவும் சிற்றலையில் இருவழியாக உரையாடின. 1927ஆம் ஆண்டு புனாவை அடுத்த நிலையங்களின் வழியே இந்தியாவிற்கும் பிரிட்டனுக்கும் இடையே சிற்றலைத் தந்திச் சேவை தொடங்கியபோது, நெட்டலையின் பழம்பெருமை மங்கலாயிற்று.

இவ்வார்வம் தமிழகத்திற்கும் புதிதன்று. 1924ஆம் ஆண்டு சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. 40 வாட் வலுவுடைய சிறு ஒலிபரப்பியைக் கொண்டு அது தொண்டு தொடங்கி, பொருள் முடையால் 1927இல் நின்றது. விடுதலைக்குப் பின், 1948 மே மாதத்தில் மோவ் நகரத்துச் சிக்னல்ஸ் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிக் கழகம் தொடங்கப்பெற்றது. பின்னர் அதன் தலைமையிடம் தில்லிக்கு மாறிற்று. 1954இல் அது இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் என்னும் பெயரைப் பெற்றது.

துரத்தப்பட்ட நெட்டலைக்கு அமெச்சூர்கள் திரும்பியது எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரே. ஐரோப்பிய நாடுகள் சில முன்னதாகவே வழிவிட்டிருந்தன. உலக வானொலி மாநாடு 2007இல் 136 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையையும், 2012இல் 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பட்டையையும் அமெச்சூர்களுக்கு அளித்தது. ஏரியலிலிருந்து புறப்படும் வலு பொதுவாக 1 வாட்டைத் தாண்டலாகாது என்பது நிபந்தனை. ஒரு சிறு டார்ச் விளக்கின் வலு அது!

இடர் வலுவோடு முடியவில்லை. 136 கிலோஹெர்ட்ஸில் அலையின் நீளம் ஏறத்தாழ 2,200 மீட்டர். அதற்கு இயல்பாகப் பொருந்தும் கால் அலை ஏரியலை நிறுத்த 550 மீட்டர் உயரம் வேண்டும். குதுப்மினார் ஏழினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் போதாது. மாடியில் கட்டிய கம்பியில் ஊட்டப்படும் வலுவின் பெரும்பகுதி சுருளிலும் மண்ணிலும் வெப்பமாய்ப் போகிறது. எதிர்ப்புறத்திலோ இரைச்சல் மிகுதி. வெப்ப மண்டலத்து மின்னல்களின் கரகரப்பு இப்பட்டைகளில்தான் கடுமையாக ஒலிக்கும். போதாக்குறைக்கு நகரத்து மின்விளக்குகளும் மின்னூட்டிகளும் தம் பங்கிற்கு இரைச்சலைச் சேர்க்கின்றன.

இந்நிலையில் ஒரு வாட் வலுவுடையவர் செய்யக்கூடியது யாது? ஆற்றின் அக்கரையில் நிற்பவரை அழைக்கும் நம் கிராமத்து மனிதரை நினைத்துப் பாருங்கள். அவர் விரைந்து பேசுவதில்லை; ஒரே பெயரை நீட்டி முழக்கி அழைக்கிறார். நீட்டும்போது ஒவ்வோர் ஓசையும் காதில் சேரும் நேரம் கூடுகிறது. காற்றின் இரைச்சலுக்கிடையே பெயர் தனித்துத் தெரிகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் வலுவை இரட்டித்த பயன் கிடைக்கும் என்பது செய்தி விஞ்ஞானத்தின் அடிப்படை. இரைச்சலுக்கு இடையில் எவ்வளவு செய்தியைப் பிழையின்றி அனுப்ப இயலும் என்பதற்கு எல்லை வகுத்தவர் கிளாட் ஷானன். அவருடைய கட்டுரை வெளிவந்ததும் மோவ் கழகம் தோன்றிய அதே 1948ஆம் ஆண்டிலேயாம்.

இரண்டாவது உத்தி சொற்சுருக்கம். தந்தி அலுவலகத்தில் திருமண வாழ்த்து அனுப்பியவர்களுக்கு இது தெரிந்ததே. முழு வாக்கியத்திற்குப் பதிலாக ஓர் எண் சென்றது. பெறும் ஊரில் அவ்வெண் மீண்டும் வாக்கியமாயிற்று. 2013 ஜூலையில் இந்தியத் தந்திச் சேவை நின்றுவிட்டது. ஆனால் அதன் சிக்கனம் இன்று கணிப்பொறிக்குள் வாழ்கிறது. உலகைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் நான்கே குறிகளால் பெயரிட்டிருக்கின்றனர் அமெச்சூர்கள். அம்முறையில் தில்லி ‘எம்.எல்.88’; சென்னை ‘என்.கே.03’.

இனி முறைகளை ஒப்பிடுவோம். குரல் பரவும் 2,500 ஹெர்ட்ஸ் அகலத்திலுள்ள இரைச்சலை அளவுகோலாகக் கொள்வது மரபு. மோர்ஸ் குறியைப் பழகிய காது, அந்த இரைச்சலில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு வலுவிலும் இனங்கண்டுவிடும். அதனினும் மெலிந்த குறிகளுக்காக அமெச்சூர்கள் மோர்ஸையே மிக மெதுவாக அனுப்பத் தொடங்கினர். ஒரு புள்ளிக்கு மூன்று விநாடி, பத்து விநாடி, சில வேளைகளில் ஒரு நிமிடம்! அதைக் காது கேளாது. கணிப்பொறித் திரையில் கோடாகக் கண்டு கண்ணே படிக்கும். எளிய கருவி போதும் என்பது இதன் சிறப்பு. ஒரு பெயரைப் படிக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்பது இதன் குறை.

1998இல் இங்கிலாந்தின் பீட்டர் மார்ட்டினெஸ் அளித்த பி.எஸ்.கே.31 முறை வேறு நோக்கமுடையது. தட்டச்சு செய்யும் வேகத்தில் எழுத்துக்கள் செல்வதால், அதில் மனம்விட்டு உரையாடலாம். ஆயினும் மிக மெலிந்த குறிகளுக்கு அது துணையாகாது.

திருப்பத்தை விளைவித்தவர் அமெரிக்க வானியல் அறிஞர் ஜோசப் டெய்லர். 1974இல் ஹல்ஸ் என்பாருடன் இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்து, அதற்காக 1993இல் நோபல் பரிசு பெற்றவர். விண்மீனின் மெல்லிய துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் கலையில் தேர்ந்த அவர், தாமும் ஓர் அமெச்சூராதலின், அக்கலையை வானொலிக்குத் தந்தார். சந்திரனில் மோதித் திரும்பும் குறிகளுக்காக 2003இல் வெளியிட்ட ஜே.டி.65, இரைச்சலில் முந்நூற்றில் ஒரு பங்கினையும் படித்தது. 2012இல் நெட்டலை, மத்திய அலைப் பட்டைகளை மனத்திற்கொண்டு வந்த ஜே.டி.9, ஐந்நூற்றில் ஒரு பங்கினைப் படித்ததோடு 16 ஹெர்ட்ஸ் இடத்திலேயே அடங்கிற்று. 2017இல் ஸ்டீவன் ஃபிராங்குடன் சேர்ந்து அளித்த எஃப்.டி.8 முறையில் ஒரு செய்திக்கு 15 விநாடியே. ஒன்றரை நிமிடத்தில் ஓர் உரையாடல் முற்றுப்பெறும். அவ்விரைவிற்கு விலையாக அதன் கூர்மை நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு என்ற அளவில் நின்றது. இன்று சிற்றலைகளில் பெரிதும் வழங்குவது இதுவே.

2008இல் வந்த ‘விஸ்பர்’, அதாவது கிசுகிசுப்பு என்னும் முறையில் உரையாடலே இல்லை. இரண்டு நிமிட நேரத்தில் அழைப்புப்பெயர், ஊர்க்கட்டம், வலு ஆகிய மூன்று மட்டும் செல்லும். ஊரும் பேரும் வலுவும் ஐம்பதே இலக்கத் துணுக்குகளில் அடங்குகின்றன. அறுநூற்றில் ஒரு பங்குக்கும் கீழான குறியையும் அது மீட்கிறது. இவற்றையெல்லாம் விஞ்ச 2021இல் வந்தது எஃப்.எஸ்.டி.4 குடும்பம். அதில் ஒரு செய்தியை 15 விநாடியிலும் அனுப்பலாம்; அரை மணி நேரம் நீட்டியும் அனுப்பலாம். அரை மணி முறையில் இரைச்சலின் இருபதாயிரத்தில் ஒரு பங்கான குறியும் பிழையின்றிப் படிக்கப்படுகிறது. ஆனால் ஆறு செய்திகள் கொண்ட ஓர் எளிய உரையாடலுக்கு மூன்று மணி நேரம் ஆகும்.

அவ்வாறாயின் எல்லா அலைகளிலும் அரை மணி முறையையே ஏன் கையாளலாகாது என்று வினவலாம். சிற்றலையைத் திருப்பியனுப்பும் அயனி மண்டலம் ஓயாது அசைவது. அவ்வசைவினால் குறியின் அதிர்வெண் சிதறுகிறது. மிக மெதுவான, மிகக் குறுகிய குறி அச்சிதறலில் கரைந்துவிடும். நெட்டலையின் பாதையோ அமைதியானது. ஆகவே நெட்டலைக்குப் பொறுமையும் சிற்றலைக்கு விரைவும் பொருந்தும். அலையின் இயல்பறிந்தே முறையைத் தேர்தல் வேண்டும்.

இம்முறைகளில் பலவற்றுக்குப் பொதுவான தேவை ஒன்றுண்டு. அனுப்புவோர் கடிகாரமும் பெறுவோர் கடிகாரமும் ஓரிரு விநாடிக்குள் ஒத்திருக்க வேண்டும். இந்திய நேரத்தைக் காப்பது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் என்பது தில்லித் தமிழர் பெருமையுடன் நினைத்தற்குரியது. அவ்வாய்வுக்கூடம் ‘ஏ.டி.ஏ.’ என்னும் அழைப்புக்குறியுடன் சிற்றலையில் பல்லாண்டுகள் நேரக்குறிகளை ஒலிபரப்பியது.

மெதுவாகச் சொல்வது அமெச்சூர்களின் விளையாட்டு மட்டும் என்று கருதலாகாது. திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. கடல்நீருக்குள் ஊடுருவுவது இத்தகைய நெட்டலையே. அதன் வலு பேராற்றல் வாய்ந்தது. ஆயினும் அத்தகைய அலைகளில் செய்தி மெல்லத்தான் செல்லும். நாட்டைக் காக்கும் ஆணையும் அங்கே சில சொற்களில் சுருங்கியாக வேண்டும்.

பொறுமைக்கு எல்லையும் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஓர் அமெச்சூர் குழு அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது. 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து தொலைபேசிகள் செயலற்றபோது, அக்குழுவின் வானொலி தீவுகளைப் பெருநிலத்தோடு இணைத்தது. உற்றார் உயிரோடிருக்கின்றாரா என்று கேட்டோருக்கு அங்கே வேண்டியிருந்தது சிற்றலையில் மனிதக் குரல். அரை மணிக்கு ஒரு செய்தி அவ்வேளையில் உதவாது. பேரும் ஊரும் அடைந்தால் போதும் என்ற நிலையும் உண்டு. நலம் கேட்டு உடனே மறுமொழி பெற்றாக வேண்டிய நிலையும் உண்டு.

எனவே எம்முறை சிறந்தது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. உரையாட விழைவோர்க்குப் பி.எஸ்.கே.31, விரைந்து பல நாடுகளைத் தொட விழைவோர்க்கு எஃப்.டி.8, பாதையின் இயல்பை ஆராய்வோர்க்கு விஸ்பர், நெட்டலையின் ஆழத்தில் தேடுவோர்க்கு எஃப்.எஸ்.டி.4. இவையனைத்தும் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றே: தொலைவை வெல்லப் பெருங்குரல் இன்றியமையாததன்று. சொல்வதைச் சுருக்கவும், ஒரே நேரத்தில் ஒருவர் அனுப்ப ஒருவர் கேட்கவும், கேட்பவர் காத்திருக்கவும் இணக்கம் இருந்தால், ஒரு வாட்டும் கடல் கடக்கும்.