என்டிசியும் பி.இ.யும்: அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் ஓர் ஒப்பீடு

சென்னை முகப்பேர் கலெக்டர் நகரிலிருந்து வேவின் பஸ் நிறுத்தம் பக்கமாக அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டுக்குள் போகிறவர்கள் பட்டறை வாசல்களில் தொங்கும் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். ஆட்கள் தேவை: டர்னர், வெல்டர், சிஎன்சி ஆபரேட்டர், குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வருடம் முழுக்க ஏதாவது ஒரு வாசலில் இது தொங்கும். பி.இ. தேவை என்று எழுதிய பலகையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் தெருவில் எந்த வீட்டில் நுழைந்தாலும் பேச்சு பி.இ. கவுன்சிலிங் பற்றித்தான். ஐடிஐ என்ற சொல் பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைக்குச் சொல்லும் ஆறுதலாக மட்டுமே காதில் விழுகிறது.

அதனால் இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒன்று, ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் போன்ற தொழில்களில் இரண்டு வருடம் ஐடிஐயில் படித்தால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ், என்டிசி என்பார்கள். மற்றது நான்கு வருட பி.இ. மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு மெக்கானிக்கலை எடுத்ததற்குக் காரணம், இந்த இரண்டு தாளோடும் வருகிறவர்கள் கடைசியில் ஒரே ஷெட்டுக்குள் நிற்கிறார்கள்.

செலவை முதலில் சொல்லிவிடலாம், அதில் விவாதிக்க அதிகமில்லை. அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் பொதுவாக ஆண்டுக்கு அரை லட்சம் போல ஆகும். அதோடு கல்லூரி பஸ்ஸுக்கும் கட்ட வேண்டும்.

வேலைக்குள் நுழையும் வழியில்தான் இரண்டும் உண்மையாகவே பிரிகின்றன. 1961ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது அந்த ஆண்டு. லூகாஸ் டிவிஎஸ் தொடங்கியதும் அதே ஆண்டு. தொழில் பழகுநர் சட்டம் வந்ததும் அதே 1961. மூன்று வருடம் கழித்து, 1964இல், அம்பத்தூர் எஸ்டேட். ஆலைகளும் அவற்றுக்கு ஆள் பழக்கும் சட்டமும் ஒரே காலத்தில் பிறந்து சேர்ந்தே வளர்ந்த பகுதி இது. பாடியிலோ ஆவடியிலோ ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஐடிஐ முடித்தவர் நேராக ஒரு ஆலையில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தார், தேர்வு எழுதி என்ஏசி என்னும் பழகுநர் சான்றிதழ் வாங்கினார், பலர் அங்கேயே நிரந்தரமானார்கள். முகப்பேரில் வீட்டுவசதி வாரிய வீடுகளுக்குத் தவணை கட்டிய முதல் தலைமுறையில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2019இல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7000 ரூபாயாவது தர வேண்டும் என்று அந்த விதி சொன்னது. முடித்தபின் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. இருந்தாலும், ஒரு வருடம் உண்மையான ஜாப் ஓட்டி, கெட்டுப்போன பீஸுக்கு ஃபோர்மேனிடம் திட்டு வாங்கி, மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைப் பிடித்துக் காட்டிய பையன் அடுத்த வாசலுக்குப் போகும்போது வெறும் தாளோடு போவதில்லை.

பி.இ. பட்டத்தில் படிப்பிலிருந்து வேலைக்குப் போகும் இந்தப் பாலம் படிப்பின் உடம்போடு ஒட்டாமல் போனது. கல்லூரி லேபில் ஒரு லேத்தைச் சுற்றி ஒரு பேட்ச் பிள்ளைகள் நிற்பார்கள். ரெக்கார்டு நோட்டு முழுதாக இருந்தால் மதிப்பெண் வந்துவிடும். பொறியாளர்களுக்குப் பழகுநர் வழி கிடையாது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்டு. 1973இல் செய்த திருத்தம் பட்டம், டிப்ளமா படித்தவர்களையும் அதே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதைக் கவனிக்கும் தென் மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. 2019 விதியில் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்சம் 9000 ரூபாய். நான்கு வருடம் படிக்கும் பிள்ளைக்கு இப்படி ஒன்று இருப்பதைக் கல்லூரி முதல் வருடமே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பலர் படிப்பு முடித்து ஆறு மாதம் வீட்டில் இருந்த பிறகுதான் கேள்விப்பட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு புள்ளிவிவரத்தை அடிக்கடி எடுத்து வீசுவார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில், 2022ஆம் ஆண்டில் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். படித்தால் வேலை போய்விடும் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. எழுதப் படிக்கத் தெரியாதவர் வேலை இல்லாமல் ஒரு வாரம் இருக்க முடியாது. எது கிடைத்தாலும் போவார். பட்டதாரியைக் காத்திருக்க வைக்க அவன் அப்பாவின் சம்பளமோ அம்மாவின் நகையோ இருக்கிறது. ஆனால் அந்தக் காத்திருப்பும் படிப்புச் செலவில் சேர்த்தி என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பதினைந்து வருடம் தள்ளிப் பார்த்தால் தராசு திரும்புகிறது. ஐடிஐ முடித்தவர் ஆபரேட்டர், செட்டர், சூப்பர்வைசர் என்று ஏறி அங்கே முட்டி நின்றுவிடுகிறார். அவரிடம் வேலை கற்ற பி.இ. பையன் புரொடக்‌ஷன் மேனேஜராகி அவருக்கு லீவு சாங்ஷன் செய்கிறான். பட்டம் கையில் இருந்தால் குரூப் ஒன் எழுதலாம், வங்கித் தேர்வு எழுதலாம், ஐடிக்கு மாறலாம். சான்றிதழ் ஒரு கதவைச் சீக்கிரம் திறக்கிறது, பட்டம் பல கதவுகளை மெதுவாகத் திறக்கிறது. பெண் பார்க்கப் போகும் வீட்டில் எந்தத் தாளுக்கு மரியாதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மரியாதையும் ஒரு குடும்பத்துக்கு உண்மையான வரவுதான். அதைப் பொருட்படுத்தாமல் ஐடிஐக்குப் போ என்று அறிவுரை சொல்வது நியாயமில்லை.

ஐடிஐக்காரர் முட்டி நிற்கும் இந்தச் சுவரில் ஓர் ஏணி சாத்தித்தான் இருக்கிறது. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமா முடித்தவர் பி.இ.யில் இரண்டாம் வருடம் சேரலாம். நமக்குப் பக்கத்தில் ஆவடியிலேயே முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. ஆனால் அப்ரன்டிஸ் பணம் கைக்கு வரத் தொடங்கிய வீட்டிலிருந்து பி.இ. வரை மறுபடி ஐந்து வருடம் படிக்கப் போவது லேசான காரியமில்லை.

பி.இ. முடித்தும் வேலை கிடைக்காதவர்கள் அண்ணா நகர்ப் பக்கம் டெஸ்டிங் கோர்ஸ், ஜாவா, ஆட்டோகேட் என்று சேர்கிறார்கள். இந்தச் சான்றிதழ்களில் சில நல்லவை. சிஸ்கோவின் சிசிஎன்ஏ போன்றதற்கு நெட்வொர்க் வேலையில் மதிப்பு உண்டு, ஆனால் மூன்று வருடத்தில் காலாவதியாகும், மறுபடி பணம் கட்ட வேண்டும். ஐடிஐக்காரரின் என்டிசிக்குக் காலாவதி கிடையாது.

இரண்டு தாளையும் சேர்த்தே அரிப்பது வேறொன்று. ஆவடி தொழிற்சாலை 2021 அக்டோபரில் ஏவிஎன்எல் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் போனது. 2025இல் அங்கே 1850 ஜூனியர் டெக்னீஷியன் இடங்களுக்கு விளம்பரம் வந்தது, ஆனால் அவை ஒப்பந்த இடங்கள். தாத்தா நிரந்தரமான அதே கேட்டில் பேரன் ஒப்பந்தத்துக்கு வரிசையில் நிற்கிறான். தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களில் 2877 கோடி ரூபாயில் ரோபோவும் நவீன சிஎன்சியும் கொண்டுவந்திருக்கிறது. நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த மெஷினில் பழகி வரும் பையனைப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் கான்ட்ராக்டர் கையில் கொடுத்தால், தாளைக் குறை சொல்லிப் பயனில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன், பி.இ. மெக்கானிக்கல், ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பட்டதாரிப் பழகுநர். அவன் அம்மா அக்கம்பக்கத்தில் டிரெய்னிங் என்று சொல்கிறார். அவனுக்கு டூல் ஆஃப்செட் போடச் சொல்லித் தருகிறவர் ஐடிஐ டர்னர், இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒருநாள் கலெக்டர் நகர் டீக்கடையில் இருவரும் நின்றிருந்தார்கள். டர்னரின் மகன் இந்த வருடம் பிளஸ் டூ. "என்ன சார் சேர்க்கப் போறீங்க?" என்று கேட்டேன். "பி.இ.தான் சார், சீட்டுப் பணம் ஜூன்ல எடுக்கறேன்" என்றார். பக்கத்தில் நின்ற பையன், "அண்ணே, சேர்க்கறதுக்கு முன்னாடி அவனை ஒரு வாரம் நம்ம ஷெட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருக்கிறது, ஃபோர்மேனிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.