செவிலியர் தட்டில் மத்தியதரைக்கடல் உணவு

1950களில் கிரீட் தீவிலும் தென் இத்தாலியிலும் உழைக்கும் மக்கள் உண்ட உணவுக்கு மத்தியதரைக்கடல் உணவுமுறை என்று பெயர். காய்கறி, பழம், பருப்பு, முழுத்தானியம், கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் ஆகியவை மிகுதி. சிவப்பு இறைச்சி, வெண்ணெய், இனிப்பு குறைவு. ஆன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய 'ஏழு நாடுகள் ஆய்வு' இதை உலகறியச் செய்தது.

மற்றவர்களுக்குப் பத்தியம் சொல்லும் மருத்துவப் பணியாளர்கள் தாங்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? இதற்கு நீண்டகாலத் தரவு தருவது அமெரிக்காவின் செவிலியர் உடல்நல ஆய்வு. 1976இல் 11 மாநிலங்களிலிருந்து 1,21,700 செவிலியர் இதில் சேர்ந்தனர். நம்மவர் மிகுதியாக வாழும் நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, டெக்சாஸ் மூன்றும் அவற்றில் அடக்கம். 1980 முதல் உணவு பற்றியும் கேள்வித்தாள் அனுப்பப்பட்டது.

இவர்களில் 74,886 பேரை 1984 முதல் 2004 வரை தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. மத்தியதரைக்கடல் உணவுக்கு மிக நெருங்கி உண்ட ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிக விலகி உண்ட ஐந்தில் ஒரு பங்கினரைவிட இதயநோய் அபாயம் 29 சதவீதமும், பக்கவாத அபாயம் 13 சதவீதமும் குறைவு. இது கண்காணிப்பு ஆய்வுதான். உணவு மட்டுமே காரணம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது.

ஆனால் இந்த ஆய்வின் 9 புள்ளி அளவுகோல் ஒப்பீட்டு அளவுகோல். குழுவினரை வரிசைப்படுத்தினால் சரி நடுவில் நிற்பவரைவிட அதிகம் காய்கறி உண்டால் ஒரு புள்ளி; பழம், பருப்பு, மீனுக்கும் அப்படியே. எல்லோருமே குறைவாக உண்டாலும் பாதிப் பேருக்குப் புள்ளி கிடைத்துவிடும். எனவே யார் யாரைவிட மேல் என்று சொல்லும். எவ்வளவு நன்றாகப் பின்பற்றுகிறார்கள் என்று சொல்லாது.

அதற்கு நிலையான அளவு வேண்டும். ஸ்பெயினின் பிரிடிமெட் ஆய்வில் பயன்பட்ட 14 கேள்விகள் அத்தகையவை: நாளுக்கு 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், 3 முறை பழம், வாரம் 3 முறை பருப்பு, 3 முறை மீன், 7 கோப்பை ஒயின் என்று போகும். 10 அல்லது அதற்கு மேல் எடுத்தால் உயர்ந்த நிலை என்பது பொதுவழக்கு.

சைவம் உண்ணும் ஒரு தமிழ்ச் செவிலியை இதில் நிறுத்திப் பாருங்கள். நல்லெண்ணெயில் சமைப்பதால் எண்ணெய்க்கான 2 புள்ளிகள் போயின. மீன், ஒயின், சிவப்பு இறைச்சிக்குப் பதில் கோழி, ஆலிவ் எண்ணெயில் வதக்கிய தக்காளிக் குழம்பு என்று இன்னும் 4. தினம் கீரையும் சாம்பாரும் சுண்டலும் பழமும் உண்டாலும், கண்டிப்பாக எண்ணினால் அவர் 8ஐத் தாண்ட முடியாது. அதேசமயம் வெள்ளைச் சோற்றின் அளவைப் பற்றி அந்த 14இல் ஒரு கேள்வியும் இல்லை. நீரிழிவுக்கு எளிதில் ஆளாகும் நமக்கு முக்கியமான கேள்வி அதுதான்.

சுழல்முறை இரவுப்பணி ஆண்டுகள் கூடக்கூட நீரிழிவு அபாயமும் கூடுவதாக இதே செவிலியர் தரவு 2011இல் காட்டியது. பத்தியம் தெரிந்திருந்தும், நள்ளிரவில் கைக்கு எட்டுவது தானியங்கி இயந்திரத்தின் சிப்ஸ் என்றால் அந்த அறிவால் பயன் குறைவே.

ஜெர்சி சிட்டி நியூவார்க் அவென்யூ கடைகளில் கொள்ளு, கேழ்வரகு, நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கின்றன. கிரீட் உழவரின் தட்டை நம் சமையலறையில் அமைக்க ஆலிவ் மரம் தேவையில்லை. 'மருத்துவப் பணியாளர்களில் இத்தனை பேரே பின்பற்றுகின்றனர்' என்று செய்தி கண்டால், எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.