பதிவு முகவரும் பதிவு அலுவலகமும்

கம்பெனியின் பேரில் வரும் சம்மனை யார் வாங்குவது? அமெரிக்க மாநிலங்கள் இதற்குப் பதிவு முகவர் ஒருவரை நியமிக்கச் சொல்கின்றன. தமிழ்நாட்டின் ஆலங்குளத்தில் தொடங்கும் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 12-ஆம் பிரிவில், ஆளுக்குப் பதில் இடத்தைக் கேட்கிறது. பதிவான 30 நாளுக்குள் தபாலை வாங்கி ஒப்புகை தரக்கூடிய பதிவு அலுவலகம் வேண்டும். பெயர்ப்பலகையில் வட்டார மொழியும் இருக்க வேண்டும். தொழில் நடப்பது வேறெங்காகவும் இருக்கலாம்: தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது, பதிவு அலுவலகமோ செங்கல்பட்டு மாவட்டத்தில். இங்கே கிளை திறக்கும் வெளிநாட்டுக் கம்பெனி மட்டும் 380-ஆம் பிரிவின்படி, நோட்டீஸ் பெற இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் பெயரைத் தர வேண்டும்; அதன் தலைமையிடம் நம் நீதிமன்றங்களுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதே காரணம்.

மின்னஞ்சல் காலத்தில் முகவரி எதற்கு என்று கேட்கலாம். 20-ஆம் பிரிவு மின்வழி அனுப்புதலையும் ஏற்கிறது, உண்மைதான். ஆனால் மின்னஞ்சலை நேரில் போய்ச் சோதிக்க முடியாது. போலிக் கம்பெனிகளைப் பிடிக்க, 2019-இன் திருத்தம் கம்பெனிப் பதிவாளருக்கு அலுவலகத்தை நேரில் சரிபார்க்கவும், குறை கண்டால் பெயரை நீக்கும் நடவடிக்கை தொடங்கவும் அதிகாரம் தந்தது. வீட்டையே அலுவலகமாகக் காட்டுவோரும் உண்டு. உரிமையாளரின் சம்மதக் கடிதமும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட மின்கட்டண ரசீது போன்ற சான்றும் இருந்தால் சட்டம் தடுப்பதில்லை. பூட்டிய வீட்டு வாசலில் கிடக்கும் நோட்டீஸுக்கு மட்டும் இந்த முறையில் எளிய விடை இல்லை.