பிரம்புக்குப் பின்: தமிழகப் பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கையும் விசாரணை முறையும்

2022 மே மாதம், ஆசிரியர்களிடம் மாணவர்கள் அத்துமீறும் காணொளிகள் அடுத்தடுத்துப் பரவிய வேளையில், பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்புச் செய்தார். அவ்வாறு நடந்துகொள்ளும் மாணவர்கள் பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவார்கள். நீக்கத்தின் காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் குறிக்கப்படும் என்றார். அறிவிப்பில் தண்டனை தெளிவாக இருந்தது. அதை யார், யாரைக் கேட்டறிந்து, எந்த முறைப்படி விதிப்பது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தையே தொடும் முடிவுக்கு ஒரு விசாரணை வேண்டும் என்ற எண்ணம்கூட நம் பொதுப்பேச்சில் எழவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளின் ஒழுங்குச் சிக்கலைக் கண்டிப்பா கனிவா என்ற வழக்காடலாகவே நடத்திவந்திருக்கிறோம். பிரம்பை அகற்றினோம், அது இருந்த இடத்தில் நியாயமான விசாரணை முறை எதையும் வைக்கவில்லை. இன்றைய சீர்குலைவில் பெரும்பங்கு இதிலிருந்தே வருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் நிலை இது. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, மாணவரைத் திருத்தும் பெயரில் உடலுக்கோ மனத்துக்கோ வலி தருவது தடை செய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுத்தது. எட்டாம் வகுப்புவரையிலான தொடக்கக் கல்வி முடியும்வரை மாணவரை வெளியேற்றக் கூடாது என்று 16ஆம் பிரிவில் விதித்தது. ஆனால் அச்சட்டத்தின் குழந்தை ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள குழந்தை. ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்ததும் வெளியேற்றத்துக்கு எதிரான அந்தக் காப்பு விலகிவிடுகிறது. ஒழுங்குச் சிக்கல்கள் கூர்மையடையும் வயதும் அதுவே. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், உடல் தண்டனையை ஒழிக்கத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிமுறைகளை நடைமுறைப்படுத்துமாறு பள்ளிக் கல்வித் துறைக்கு ஆணையிட்டது. முதல் தடை வந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டிருக்கிறது.

தடைகள் ஆசிரியர் செய்யக்கூடாததைச் சொல்லின. செய்யவேண்டியதைப் பள்ளிகள் தாமே கண்டுபிடித்துக்கொண்டன. அவற்றுள் பரவலானது மன்னிப்புக் கடிதம். எந்த அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் அறையிலும் பீரோவின் ஒரு தட்டில் இவை கட்டாக இருக்கும். கோடிட்ட தாளில் அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா. ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவன் எழுதுகிறான்: இனி இதுபோன்ற செயலில் ஈடுபட மாட்டேன், மீறினால் பள்ளி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். கீழே தந்தையின் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை. அதற்காக அவர் ஒரு நாள் கூலியை இழந்து வந்திருப்பார். கடிதத்தை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். என்ன நடந்தது என்பது அதில் இராது. எந்தச் செயல், யாருக்கு என்ன தீங்கு, மாணவன் தரப்பு என்ன, உடன் இருந்தவர்கள் யார் என எதுவும் பதிவாவதில்லை. அடுத்த முறை டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழைக் கொடுக்க நேர்ந்தால் கைவசம் இருக்க வேண்டிய தாள் அது. அதற்கு மேல் அதற்குப் பயனில்லை.

டி.சி. என்ற சொல்லே இன்று பிரம்பின் வேலையைச் செய்கிறது. தேர்ச்சி விழுக்காட்டுக்கு இடையூறாகக் கருதப்படும் ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, அவர்களே கேட்டு வாங்கிச் செல்வதுபோல எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதைக் கல்வி வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. பதிவேட்டில் இது நீக்கமாகத் தோன்றாது. விருப்ப மாறுதலாகவே தோன்றும். பிரம்படியின் தழும்பைக் காட்டிப் புகார் தரலாம். இதற்குத் தழும்பும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

விசாரணை என்பது மேலைநாட்டிலிருந்து வந்த ஆடம்பரம் என்று சிலர் கருதலாம். ஆனால் அதற்கு இங்கேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், 1797இல் லண்டனில் வெளியிட்ட தம் அறிக்கையில் அங்கு நடந்த முறையை விளக்கினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் சென்னை முறை என அது உலகப் புகழ் பெற்றது. அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதியப்பட்டன. வாரந்தோறும் அவை பள்ளியின் முன் படிக்கப்பட்டு, மாணவர்களே நடுவர் குழுவாக அமர்ந்து முடிவு சொன்னார்கள். அந்த விடுதி காலனிய ஆட்சியின் நிறுவனம். அதன் நோக்கங்களை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் பதிவு, வெளிப்படைத்தன்மை, குற்றம் சாட்டியவர் அல்லாத ஒருவரின் தீர்ப்பு ஆகிய மூன்றும் சென்னைப் பள்ளி ஒன்றில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கூடிவந்திருக்கின்றன. அந்த முறையிலிருந்து வகுப்புத் தலைவனை மட்டும் நாம் தக்கவைத்துக்கொண்டோம்.

ஆசிரியர்களின் குறை உண்மையானது. அதைத் தட்டிக்கழிக்கும் எந்த ஆய்வும் நேர்மையற்றது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றார். அந்த அச்சம் ஆசிரியர் அறைகளிலிருந்து இன்னும் நீங்கவில்லை. ஐம்பது பேர் அமர்ந்த வகுப்பில் பாடத்தையும் முடித்து, எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவுகளையும் ஏற்றி, சண்டைகளையும் தீர்க்க வேண்டும் என்கிறோம். பல பள்ளிகளில் ஒழுங்கு முழுவதும் உடற்கல்வி ஆசிரியரான பி.டி. சார் தலையில் விழுகிறது. காலை வழிபாட்டு வரிசையில் முடிவெட்டைப் பார்த்துப் பையன்களை ஓரம் கட்டுவதும் அவர் வேலை, கைகலப்பை விலக்குவதும் அவர் வேலை. தலைமுடியும் தாக்குதலும் ஒரே தராசில் நிறுக்கப்படும் இடத்தில் விதியின் மதிப்பு தேய்கிறது. தண்டனையின் பணி அச்சுறுத்துவதைவிட, மீறப்பட்ட விதி இன்னும் உயிரோடிருக்கிறது என்று வகுப்புக்கு உணர்த்துவதே என்று சமூகவியலாளர் எமில் துர்கைம் வாதிட்டார். உடல் தண்டனையை அவர் மறுத்ததும் இதே அடிப்படையில்தான்.

இன்று கல்வியாளர்கள் பரிந்துரைக்கும் மாற்று, தீங்கு செய்தவரும் அடைந்தவரும் எதிரெதிரே அமர்ந்து பேசும் சீரமைப்பு முறை. அதன் சான்றுகள் கலவையானவை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளில் ராண்ட் ஆய்வு நிறுவனம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் இடைநீக்கத்தால் இழந்த நாட்கள் குறைந்தன. பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் கூறினர். ஆனால் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவரின் கல்வி அடைவு சரிந்தது. இங்கிலாந்தில் 40 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து அதே ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து விதிகளை வகுத்த பள்ளிகளில் கொடுமைப்படுத்தல் சிறிதளவு குறைந்தது, வன்செயல் குறையவில்லை. நல்ல முறைதான், ஆனால் எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றிவிட முடியாது.

நம் மண்ணில் அதற்கு இன்னொரு தடையும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரையும் தடுக்க வந்த அவர் தங்கையையும், அதே பள்ளியில் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராதிருந்த அவர், காரணம் கேட்கப்பட்டபோது பள்ளியில் முறையிட்டதாகவும், அதன் பிறகே தாக்குதல் நடந்ததாகவும் செய்திகள் கூறின. முறையிட்டவரைக் காக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் முறையீடே ஆபத்தாக முடிந்தது. இப்படிப்பட்ட இருவரை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வது பாதிக்கப்பட்டவருக்கு இழைக்கும் இரண்டாவது தீங்கு. இந்நிகழ்வை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறிகளுக்குத் தடை கோரியதே பெரிதும் விவாதிக்கப்பட்டது. 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னதை நான் இன்னும் முதன்மையானதாகக் கருதுகிறேன். முறையீட்டைக் கேட்கவும், முறையிட்டவரைக் காக்கவும், வகுப்பெடுக்கும் பொறுப்பில்லாத ஒருவர் வேண்டும்.

எனவே நான் கோருவது எளிய அளவில்தான். நடந்தது என்ன என்று மாணவர் தம் சொற்களிலேயே எழுத வேண்டும். ஆசிரியரும் தம் தரப்பை எழுத வேண்டும். புகார் கூறிய ஆசிரியர் முடிவெடுக்கும் இடத்தில் அமரக் கூடாது. முடிவு காரணத்துடன் பெற்றோரிடம் எழுத்தில் தரப்பட வேண்டும். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவரைப் பள்ளியிலிருந்து நீக்கும் எந்த முடிவும், விருப்ப மாறுதல் என்ற பெயரில் வருவது உட்பட, மாவட்டக் கல்வி அலுவலரின் ஆய்வுக்குப் பிறகே செல்லுபடியாக வேண்டும். இது ஆசிரியருக்கும் கவசம். முறைப்படி நடந்த விசாரணையின் பதிவு கையில் இருக்கும் ஆசிரியர் பொய்ப்புகாருக்கு அஞ்ச வேண்டியதில்லை.

மாற்றுச் சான்றிதழில் உள்ள நடத்தைக் கலமும் போக வேண்டும். கட்டண நிலுவையை மாற்றுச் சான்றிதழில் எழுதக் கூடாது, அது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. பெற்றோரின் கடனுக்குப் பொருந்தும் இந்த நியாயம், விசாரிக்கப்படாத குற்றச்சாட்டுக்கு இன்னும் வலுவாகப் பொருந்தும். விசாரணை முறையை வகுத்து, ஆட்களை நியமித்து, பயிற்சி தரச் சில ஆண்டுகள் ஆகலாம். இந்தக் கலத்தை நீக்க ஓர் அரசாணை போதும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே அதைப் பிறப்பித்துவிடலாம்.