இருளின் இளவரசர்: ஒரு மறுவிசாரணை
பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வட்டாரத்தில் லூகாஸ் கம்பெனிக்கு 'இருளின் இளவரசர்' என்று பட்டப்பெயர். ஹெட்லைட் மங்கும், வைப்பர் திடீர்னு நிக்கும். பர்மிங்காமில் விளக்கு விற்று வளர்ந்த ஜோசப் லூகாஸின் கம்பெனிக்கு இப்படியொரு பேர்!

1962-ல் அபிங்டனில் தயாராகத் தொடங்கிய எம்ஜிபியையே எடுத்துக்கலாம். 1967 வரை அதில் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். பிறகு மைனஸுக்கு மாத்திட்டாங்க. எதுவானாலும் மின்சுற்றில் ஒரு பாதி காரின் இரும்பு உடம்புதான். கறுப்பு எர்த் வயர் பாடியைத் தொடும் இடத்தில் துரு ஏறினால் தடை கூடும், விளக்குக்குப் போகும் வோல்டேஜ் குறையும். வயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டர்களிலும் இதே கதைதான்.

சோதிப்பது சுலபம். விளக்கைப் போட்டுட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை விளக்கின் எர்த் வயரிலும் வைங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். அரை வோல்ட்டைத் தாண்டினா பல்பை மாத்த வேண்டாம். துருவைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டினா போதும்.

லூகாஸ் பொருளெல்லாம் குறையே இல்லாததுன்னு சொல்ல வரல. ஆனா ஐம்பது, அறுபது வருஷத்து மழையும் துருவும் செய்த வேலையையும் அவர் கணக்கில் எழுதுவது வரலாறு ஆகாது.