தோலைக் காத்த மருந்து

நம் மெட்டலர்ஜி லேப் மூலையில் இருந்த மஃபிள் ஃபர்னஸ் ஞாபகம் இருக்கிறதா? பிராக்டிகல் அன்று அதன் முன்னால் நின்று வியர்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "கம்பி இப்படிச் சிவந்தும் ஏன்டா எரிஞ்சு போகல?" என்று ஒருநாள் சார் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. "தோல்தான் காப்பாத்துது" என்றார்.

அந்தத் தோல்தான் ஆக்சைடு படலம். கலவையில் உள்ள அலுமினியமோ குரோமியமோ சூட்டில் ஆக்சிஜனுடன் சேர்ந்து, சில மைக்ரான் பருமனில் மேலே படிகிறது. உள்ளே இருக்கும் உலோகத்தை அதுவே காக்கிறது. ஜெட் என்ஜினின் டர்பைன் பிளேடு தாக்குப்பிடிப்பதும் இதனால்தான். சிக்கல் ஆறும்போது வருகிறது. உலோகம் அதிகம் சுருங்கும், ஆக்சைடு அவ்வளவு சுருங்காது. பிடிப்பு போதாவிட்டால் படலம் செதில் செதிலாக உதிரும். ஒவ்வொரு தடவை உதிரும்போதும் புதுத் தோலுக்கு அலுமினியம் செலவாகும். அது தீர்ந்தால் பிளேடும் தீர்ந்தது.

இதற்கு மருந்து சீக்கிரமே கிடைத்துவிட்டது. சீரியம் போன்ற அருமண் தனிமங்களைத் துளி சேர்த்தால் வெப்பக் கம்பி நீண்டநாள் உழைக்கும் என்று பிரிட்டனில் கிரிஃபித்ஸ், ஃபைல் இருவரும் 1937-ல் காப்புரிமை பெற்றார்கள். பின்னாளில் இட்ரியமும் அதே வேலையைச் செய்தது. ஆனால் நோய் என்னவென்று தெரியவில்லை! இட்ரியம் ஆக்சைடு ஆணி மாதிரி இறங்கிப் படலத்தை அறைகிறது என்றார்கள் சிலர். படலத்துக்கு அடியில் உண்டாகும் வெற்றிடங்களை அது விழுங்குகிறது என்றார்கள் வேறு சிலர்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, 1986-ல், ஸ்மெகில் குழுவினர் கந்தகத்தைக் கைகாட்டினார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரின் நாசா ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜேம்ஸ் ஸ்மியாலெக் 1987-ல் வெளியிட்ட சோதனை எளிமையானது. இட்ரியமே சேர்க்காத நிக்கல்-குரோமியம்-அலுமினியக் கலவையைச் சூடாக்கினார், படலத்தைத் தேய்த்து எடுத்தார், மறுபடி சூடாக்கினார். இப்படியே பல தடவை. மேற்பரப்புக்கு வந்த கந்தகம் ஒவ்வொரு தேய்ப்பிலும் கழிந்துகொண்டே போனது. கடைசியில் படலம் உதிராமல் ஒட்டிக்கொண்டது. ஆணியும் இல்லை, இட்ரியமும் இல்லை!

கலவையில் இருந்த கந்தகம் எவ்வளவு? பத்து லட்சத்தில் பத்து பங்கு அளவில்தான்; ஒரு டன்னுக்குப் பத்து கிராம். ஆனால் சூட்டில் அது பரவலாக இருப்பதில்லை. உலோகமும் ஆக்சைடும் சந்திக்கும் இடத்தில் வந்து கூடிப் பிடிப்பைக் கெடுக்கிறது. இட்ரியம் அந்தக் கந்தகத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. படலம் வளரும் விதத்தையும் அது மாற்றுகிறது என்பது வேறு கதை. இன்று உயர்தர பிளேடு கலவைகளில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவருகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிக்கல் கலவையின் சர்டிபிகேட்டில் 'கந்தகம் 0.015 சதவீதத்துக்குள்' என்று பார்த்ததும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த வேலைக்கு அது போதும்தான். ஆனால் 0.015 சதவீதம் என்றால் பத்து லட்சத்தில் 150 என்ற கணக்கே அன்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மருந்து வேலை செய்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஏன் வேலை செய்கிறது என்றும் கேளுங்கள். சந்திப்பு நாளில் சாரைப் பார்த்தால் நானும் ஒன்று சொல்ல வேண்டும்: "தோல் இருந்தா மட்டும் போதாது சார், அது ஒட்டியும் இருக்கணும்!"